அறநிதி நிகழ்ச்சிகளில் எங்கள் பலகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பதினான்கு ஆண்டுகளாகப் பலகாரம் செய்து விற்கிறோம். முறுக்கு, அதிரசம், தேங்காய் மிட்டாய், நெய் உருண்டை, அச்சு முறுக்கு, ஓமப்பொடி. முன்கூட்டியே சொல்லிவைத்தால் லட்டும் உண்டு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்கட்டுதான் எங்கள் பட்டறை. வழக்கமாக நான்கு பேர் வேலை செய்கிறோம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் ஏழு பேர். கோயில் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், முதியோர் இல்லம், இளைஞர் மன்றம் என்று மாதத்துக்கு ஒருவராவது நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு எங்களை அழைக்கிறார்கள். கையெல்லாம் மாவாக இருக்கும்போது தொலைபேசியில் அரைகுறையாகப் பதில் சொல்லி, பிறகு இரு பக்கமும் வருத்தப்படுவதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது. வீட்டிலிருந்தபடி பலகாரம் செய்து விற்கும் தங்கைமார் பலரும் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அறநிதிக்கு என்றால் பலகாரத்தை இலவசமாகத் தருவீர்களா?

சில நேரங்களில் தருவோம். பெரும்பாலும் வேறு இரண்டு வழிகளில் கலந்துகொள்வோம்.

முழுக்கொடை என்பது முதியோர் இல்லம், ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் போன்ற இடங்களுக்கு. அங்கே விற்பனை என்பதே இல்லை, சாப்பிடுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். இத்தனை தட்டு என்று ஒப்புக்கொண்டால் அத்தனை தட்டும் வந்து சேரும். பணப்பேச்சு எழாது. இரண்டாவது வழி, நாங்களே மேசை போட்டு விற்று, விற்பனையில் ஒரு பங்கை நிதிக்குக் கொடுப்பது. மண்டபத்தில் நடக்கும் அறநிதி விருந்து, திடலில் நடக்கும் உணவுச் சந்தை போன்றவற்றுக்கு இது பொருந்தும். மூன்றாவது வழி, அடக்க விலைக்கு ஏற்பாட்டுக் குழுவிடம் கொடுத்துவிடுவது. அவர்கள் விரும்பிய விலைக்கு விற்று, வித்தியாசத்தை முழுதாக நிதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளுக்கு எப்போதும் இந்த மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். பிள்ளைகளின் தாய்மார்கள் மேசைக்குப் பின்னால் நின்று, "வாங்கிக் கொள்ளுங்கள் அண்ணே, பள்ளிக்கூடத்துக்குத்தானே" என்று சொன்னால், வந்தவர் வெறுங்கையோடு நகர்வதில்லை. அதே முறுக்கை நாங்கள் நின்று விற்றால் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார்கள். இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எந்த வழி என்பதை முதல் பேச்சிலேயே முடிவு செய்ய வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அக்கா" என்று தொடங்கிய நிகழ்ச்சி எதுவும் எங்களுக்கு மனநிறைவோடு முடிந்ததில்லை.

"இலாபத்தில் பாதி நிதிக்கு" என்று பதாகையில் போடலாமா?

வேண்டாம். குழுக்கள் இதை ஆசையோடு கேட்கின்றன; கேட்பவர் காதுக்கும் பெரிய கொடையாகத் தெரிகிறது. ஆனால் ஒரு டப்பா முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் விலை 18 ரிங்கிட். அரிசி மாவு, உளுந்து மாவு, எண்ணெய், எரிவாயு, சிவப்பு மூடி டப்பா, ஒட்டுத்தாள், பிழிந்து பொரித்தவருக்குக் கூலி எல்லாம் சேர்த்து 11 ரிங்கிட் ஆகிறது. மிச்சம் 7. அதில் பாதி 3 ரிங்கிட் 50 சென். இதையே "விற்பனையில் 20 விழுக்காடு" என்று சொன்னால் ஒரு டப்பாவுக்கு 3 ரிங்கிட் 60 சென் வருகிறது. தொகை ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு எங்கே என்றால், விற்பனையின் பங்கை யாரும் சரிபார்க்கலாம். நூறு டப்பா கொண்டுவந்தோம், பன்னிரண்டு மீந்தன, எண்பத்தெட்டு விற்றன, 316 ரிங்கிட் 80 சென் உங்களுடையது. பள்ளிப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுவிடும். இலாபத்தின் பங்கைச் சரிபார்க்க வேண்டுமானால் என் அடக்கக் கணக்கை நான் சொல்கிறபடி நம்ப வேண்டும். எரிவாயு எவ்வளவு ஆனது, கூலி எவ்வளவு கொடுத்தேன் என்று யாருக்குத் தெரியும்? நான் நேர்மையாக எழுதினாலும் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தையே வைக்காமல் இருப்பது நல்லது.

அடக்கத்தைக் குறைக்க ஒரு குறுக்கு வழியைச் சிலர் சொல்கிறார்கள். 1 கிலோ பொட்டல எண்ணெயை 2 ரிங்கிட் 50 சென்னுக்கு வாங்கிப் பொரித்தால் என்ன என்று. அது குடும்பச் சமையலுக்காக அரசு மானியம் கொடுக்கும் எண்ணெய். விற்பனைப் பலகாரத்துக்கு அதை எடுப்பது இன்னொரு வீட்டின் அடுப்பிலிருந்து எடுப்பதாகும். வரும் பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது என்பதால் அது சரியாகிவிடாது.

எல்லாவற்றையும் எழுதிக் கேட்கிறீர்களே, எங்கள் மீது நம்பிக்கை இல்லையா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் எழுதிக் கேட்பதை விடுவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டட நிதி நிகழ்ச்சிக்கு எண்பது டப்பா கொண்டுபோய், விற்ற பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு வந்தோம். நல்ல கூட்டம், நல்ல விற்பனை. அதற்குப் பிறகு மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, வேலை எப்போது தொடங்கும் என்று ஒரு செய்தியும் இல்லை. நாங்கள் கேட்டோம், பதில் நழுவிக்கொண்டே போனது. பணம் போனது எனக்குப் பெரிய வருத்தமில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) என் மேசைக்கு வந்த ஒரு பெரியவர், "உன்னை நம்பித்தானே அம்மா நான் மூன்று டப்பா வாங்கினேன், அந்தக் கட்டடம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி. மூன்று டப்பா என்பது அவருக்குச் சிறிய தொகை அல்ல. பலகாரம் என் கையால் செய்தது என்பதால் அந்த நிதிக்கும் நான்தான் பொறுப்பு என்று அவர் நினைத்தார். யோசித்துப் பார்த்தால் அவர் நினைத்ததில் தவறே இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு பக்கத் தாள் வந்தது. நிகழ்ச்சியின் நோக்கம், எந்த வழியில் கலந்துகொள்கிறோம், எத்தனை டப்பா, எத்தனை விழுக்காடு, பணம் யாரிடம் எந்த நாளில் சேரும், நிகழ்ச்சி முடிந்து முப்பது நாளுக்குள் மொத்த வரவு செலவை எங்களுக்குத் தருவது யார். இரண்டு பக்கமும் கையெழுத்து. வாங்கியவர் கேட்டால் காட்டுவதற்காகவே அந்த வரவு செலவுத் தாள். அதை எங்கள் மேசையில் ஒட்டி வைக்கிறோம்.

இந்த ஊர் மக்களுக்கு இது புதிதும் அல்ல. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தவர். ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாக (அன்றைய பணம்) பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நாள் கூலி சில வெள்ளியாக இருந்தபோது 10 வெள்ளி எவ்வளவு பெரியது என்பதை என் மாமனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர் அவர். பணம் கட்டிய ரசீதுகளைத் தகரப் பெட்டியில், திருமணப் பத்திரிகைக்குக் கீழே, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர், ஆனால் எந்தத் தாள் எந்த மாதத்தது என்று தடவிப் பார்த்தே சொல்வார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து கொடுத்தவர்களின் பிள்ளைகள் நாம். கணக்குக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளி நிகழ்ச்சியில் கூப்பன் முறை. உங்களுக்குச் சம்மதமா?

சம்மதம். அறியாதவர்களுக்காக: நிகழ்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன்பே 10 ரிங்கிட், 20 ரிங்கிட் கூப்பன் புத்தகங்களைப் பிள்ளைகள் உற்றார் உறவினரிடம் விற்றுவிடுவார்கள். அன்றைய நாளில் மேசைகளில் ரொக்கத்துக்குப் பதில் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கு இதில் பெரிய நன்மை உண்டு. பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடுகிறது. கூப்பன் வாங்கிவிட்டு வராதவர்களின் தொகை அப்படியே நன்கொடையாக நின்றுவிடுகிறது.

மேசை போடுகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூப்பன் நாளில் 18 ரிங்கிட் டப்பா விற்காது. கையில் மிஞ்சிய நான்கு சீட்டுக்கு என்ன கிடைக்கும் என்றுதான் கூட்டம் சுற்றிவரும். அதனால் 1 ரிங்கிட், 2 ரிங்கிட் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு போங்கள். தேங்காய் மிட்டாய் நான்கு துண்டு, முறுக்கு மூன்று, அதிரசம் இரண்டு என்று. கடைசி ஒரு மணி நேரத்தில்தான் நெரிசல். சீட்டை வீணாக்க மனமில்லாமல் எல்லாரும் அப்போதுதான் பலகார மேசைக்கு வருவார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக முடிகிற ஒரே பண்டம் நம்முடையதுதானே. மூன்றில் ஒரு பங்கையாவது அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுகளை அன்றே, அங்கேயே, ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பதினான்கு நாளுக்குள் எங்கள் அடக்கப் பணம் வந்துவிட்டால் போதும். அரிசியும் நெய்யும் கடனுக்கு வாங்கியவை. அந்தக் கடைக்காரரும் காத்திருக்கிறார்.

எந்தப் பலகாரம் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு ஏற்றது?

நம் வெயிலையும் மழையையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடாரத்தின் கீழ் மதியம் இரண்டு மணிக்கு நெய் உருண்டை நெகிழ்ந்து பொட்டலத்தில் எண்ணெய் பிடித்துவிடும். பால்கோவா வேண்டவே வேண்டாம். பால் பண்டம் வெயிலில் நிற்காது. ஜிலேபி அங்கேயே சுட்டுக் கொடுத்தால் அழகு, ஆனால் ஈக்களை விரட்டத் தனியாக ஒரு ஆள் வேண்டும். முறுக்கும் ஓமப்பொடியும் பத்திரமானவை, காற்றுப் புகாமல் கட்டியிருந்தால். அக்டோபர், நவம்பர் மழையில் திறந்து வைத்த முறுக்கு அரை நாளில் நமுத்துப்போகும். அதிரசம் மூன்று நாள் கழித்துத்தான் சுவை கூடும், ஆகவே முன்னதாகவே செய்துவிடலாம். வேலை நெருக்கடி குறைகிறது.

எங்களுக்குக் கைகொடுப்பது தேங்காய் மிட்டாய். மலேசியத் தமிழ்க் குடும்பத்தில் தீபாவளிக்கு இந்தப் பச்சை, இளஞ்சிவப்புத் துண்டுகள் இல்லாத தட்டைக் காண்பது அரிது. மலாய்க்காரரும் சீனரும் பெயர் கேட்காமலே எடுத்துச் சாப்பிடுவார்கள். பொருளும் எளியது: ஒரு கிலோ தேங்காய்த் துருவலுக்கு ஒரு கிலோ சீனி, ஒரு குவளை பால், இரண்டு கரண்டி நெய், ஏலக்காய், கொஞ்சம் நிறம். துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்பு கலந்துவிடக் கூடாது. கலந்தால் பச்சை நிறம் பாசி பிடித்தது போல ஆகிவிடும்.

கடினம் எல்லாம் இறக்கும் நேரத்தில். முதலில் சீனி இளகிச் சட்டி முழுவதும் தண்ணீராக நிற்கும். கொப்புளம் பெரிது பெரிதாக வெடிக்கும். கிளறிக்கொண்டே இருந்தால் கொப்புளம் சிறுத்து, சத்தம் தணிந்து, கலவை கரண்டியோடு சேர்ந்து நகரத் தொடங்கும். சட்டியின் பக்கச் சுவரைப் பாருங்கள். உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஒரு கோடு காயும். அந்தக் கோடு வந்த மறு நிமிடம் நெய் தடவிய தட்டில் கொட்டிவிட வேண்டும். குவளையின் அடிப்பக்கத்தால் அழுத்திச் சமப்படுத்தி, கை பொறுக்கிற சூடு வந்ததும் கத்தியைப் போட வேண்டும். அவசரப்பட்டால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும். தொலைபேசி அடித்தது என்று ஐந்து நிமிடம் போய்விட்டு வந்தால் துண்டு நேராக விழாது, உதிரும். நான் தொலைபேசியை எடுக்கவில்லை என்று வருத்தப்பட்ட குழுவினர், நான் தட்டுக்கு முன்னால் கத்தியோடு நின்றிருப்பேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முதியோர் இல்லத்துக்கும் பிள்ளைகள் இல்லத்துக்கும் என்ன கொண்டுபோவது?

முதலில் இல்லத்துப் பொறுப்பாளரைக் கேளுங்கள். கேட்காமல் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

தீபாவளி வாரத்தில் எல்லாரும் இனிப்போடு போகிறார்கள். ஒரே நாளில் நான்கு குழு, நான்கு பெட்டி லட்டு. அதே இல்லத்தில் மார்ச் மாதத்திலும் ஜூலை மாதத்திலும் வாசலில் ஒரு வண்டியும் நிற்காது. அதனால் எங்கள் தட்டுகளைப் பெரும்பாலும் பண்டிகை இல்லாத மாதங்களுக்கு வைத்துக்கொள்கிறோம்.

இனிப்பு விற்கிறவள் நானே இதைச் சொல்ல வேண்டும்: நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். முதியோர் இல்லத்தில் தட்டை நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது, சாப்பிட்டுவிட்டு அவதிப்படுவார்கள். அங்கே நாங்கள் கொண்டுபோவது அவித்த கடலைச் சுண்டல், மெதுவான உளுந்து வடை, மெல்ல முடிகிற மாதிரி நொறுங்கும் ஓமப்பொடி. இனிப்பு என்று ஒன்று வேண்டும்தான். அது சுண்டு விரல் நுனி அளவு தேங்காய் மிட்டாய், தலைக்கு ஒன்று, பொறுப்பாளர் சரி என்று சொன்னவர்களுக்கு மட்டும். முறுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பல் இல்லையே என்று திருப்பி வைத்த ஒரு பாட்டிக்காக, அடுத்த முறை ஓமப்பொடியை இன்னும் மெல்லிய அச்சில் பிழிந்துகொண்டு போனோம். கைநிறைய வாங்கிக் கொண்டார்.

பிள்ளைகளுக்கு எதைக் கொண்டுபோனாலும் மகிழ்ச்சிதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். பொதுத் தட்டில் வைத்தால் பெரியவர்கள் முந்திக்கொள்வார்கள்; சின்னவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தன் பொட்டலம் என்று ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரிக்காமல், இரவுவரை வைத்திருக்கிற பிள்ளைகள் உண்டு.

மீந்ததை, உடைந்ததை இல்லங்களுக்குக் கொடுத்துவிடலாமே?

கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில். தீபாவளிக்கு முதல் நாள் பாட்டி பலகாரம் சுட்டு முடித்ததும், அண்டை வீடுகளுக்கு அனுப்ப முதலில் தட்டு நிரப்புவார். நல்ல நிறமாக, முழுசாக இருப்பவை அந்தத் தட்டில். உடைந்த முறுக்கும் கருகிய அதிரசமும் எங்களுக்கு. ஒருமுறை நான் அழுதபோது, "கொடுக்கிறது கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார். இன்றும் கொடைத் தட்டை முதல் சட்டியில் எடுத்ததிலிருந்துதான் நிரப்புகிறோம். எண்ணெய் புதிதாக இருக்கும்போது பொரித்தது அதுதான்.

உடைந்தவை எங்கள் வீட்டிலும் வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் செலவாகிவிடும். நிகழ்ச்சியில் மீந்த டப்பாக்கள் மூடி பிரிக்காதவை என்றால் தேதிக்குள் கடையில் விற்போம். திறந்த தட்டில் வெயிலில் இருந்தவை எங்கேயும் போகாது, கோழிக்குத்தான்.

உங்கள் பலகாரம் ஹலாலா? முட்டை சேருமா?

ஹலால் சான்றிதழ் எங்களிடம் இல்லை. ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றம் தரும் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லை எழுதி வைப்பது சட்டப்படி குற்றம். ஆகவே எங்கள் பதாகையிலோ உங்கள் அறிவிப்பிலோ அது வரக் கூடாது. சேரும் பொருள்களை ஒட்டுத்தாளில் மலாய் மொழியில் எழுதியிருக்கிறோம். மலாய்க்கார அன்பர்கள் படித்துப் பார்த்து வாங்குகிறார்கள். முட்டை சேர்வது அச்சு முறுக்கில் மட்டும். அதற்குத் தனிச் சட்டி, தனி நாள். கோயில் நிகழ்ச்சிகளுக்கு அச்சு முறுக்கைக் கொண்டுவருவதே இல்லை.

நான் வீட்டில் செய்கிறேன். ஒரு நாள் அறநிதி மேசைக்கு உரிமம், ஊசி எல்லாம் வேண்டுமா?

சாப்பிடுகிறவர் வயிற்றுக்கு எது விற்பனைப் பலகாரம், எது தருமப் பலகாரம் என்று தெரியாது. 2009ஆம் ஆண்டின் உணவுத் துப்புரவு விதிமுறைகளின்படி உணவைக் கையாள்கிறவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், மருத்துவச் சோதனை செய்து தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். டைபாய்டு ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி ஒரு நாளில் முடிந்துவிடும். தொழில் பதிவு இன்னும் எளிது. தீபகற்ப மலேசியாவில் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கிய முப்பது நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

திடலுக்கும் கூடாரத்துக்குமான அனுமதி ஏற்பாட்டுக் குழுவின் வேலை. நம் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. அனுமதி வாங்கியாயிற்றா என்று குழுவிடம் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மேசையில் உண்டியல் வைக்கலாமா? கொடுத்ததற்கு வரி விலக்கு உண்டா?

பொது இடத்தில் பணம் திரட்ட 1947ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. காவல்துறையின் உரிமம் வேண்டும். உரிமம் குழுவிடம் இருந்தால் அவர்கள் உண்டியலை அவர்கள் மேசையில் வைக்கட்டும். எங்கள் மேசையில் பலகாரம் மட்டுமே இருக்கும். இரண்டு பணமும் கலக்கக் கூடாது.

வரி விலக்கு, உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புகளுக்குப் பணமாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான். அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான சிறு குழுக்களுக்கு இருப்பதில்லை. முறுக்கு டப்பாவாகக் கொடுத்ததை நன்கொடை என்று வரிப் படிவத்தில் எழுத முடியாது. இதற்காகவே விற்பனைப் பங்கை வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குகிறோம்.

எத்தனையோ பேர் கேட்கிறார்கள். "இல்லை" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஜனவரியில் ஒரு முடிவு எடுத்துவிடுகிறோம். சென்ற ஆண்டு விற்பனையில் நூற்றுக்கு நான்கு ரிங்கிட் இந்த ஆண்டின் கொடை. அதில் பாதியை இல்லங்களுக்கு முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். மீதி, கேட்டு வருகிற வரிசையில். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதிவருவோம். தொகை தீர்ந்ததும் சிவப்புக் கோடு. அதற்குப் பிறகு வருகிறவர்களிடம், "இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது ஐயா, ஜனவரியில் உங்கள் பெயரை முதலில் எழுதுகிறேன்" என்று சொல்கிறேன். சொன்னபடி எழுதவும் செய்கிறேன்.

தொடக்கத்தில் எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை. யார் கேட்டாலும் சரி என்று சொல்லி, ஒரு ஆண்டு நான்கு மாதத்துக்குள் பதினொரு நிகழ்ச்சி. வேலை செய்த இரண்டு பெண்களுக்கு அந்த மாதக் கூலியை ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தேன். ஊருக்குக் கொடை கொடுத்துவிட்டு, எனக்காக அடுப்படியில் வியர்த்தவர்களைக் காக்க வைத்தேன். அது இன்றும் உறுத்துகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அந்தச் சட்டியில் அவர்கள் கூலியும் இருக்கிறது. இப்போது கூலி கொடுத்த பிறகே கொடை.

தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் எதையும் ஏற்பதில்லை. அரசியல் மேடைகளுக்கு எந்தக் கட்சியானாலும் போவதில்லை. மற்றபடி மூன்று வாரத்துக்கு முன் சொன்னால் போதும்.

உண்மையைச் சொல்லுங்கள், இதெல்லாம் விளம்பரத்துக்காகத்தானே?

விளம்பரமும் கிடைக்கிறது. பள்ளி நிகழ்ச்சியில் சுவைத்துவிட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் பலர். அதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல பலகாரம் நல்ல இடத்தில் இருந்தால் பெயர் வரத்தான் செய்யும். ஆனால் இல்லங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் பொட்டலத்தைக் கொடுத்து, எங்கள் பெயர்ப் பலகையோடு படம் எடுக்க மாட்டோம். முதியவர்களையும் அப்படித்தான். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும்போது அந்தப் படம் எங்கோ இருக்கும். குழுவினர் ஆர்வத்தில் எடுத்தாலும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தட்டுகளைப் படம் எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும்.

எங்கள் குழு என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

இரண்டு மேசை, மேலே கூரை, கை கழுவத் தண்ணீர், சாமான் இறக்க வண்டி அருகில் வர வழி. இன்னொரு பலகார மேசை இருந்தால் முன்னதாகச் சொல்லுங்கள். அவர்கள் முறுக்கு கொண்டுவந்தால் நாங்கள் வேறு கொண்டுவருவோம். சாக்கடை, குப்பைத் தொட்டி பக்கம் இடம் ஒதுக்க வேண்டாம்.

தட்டுகளையும் தூக்குகளையும் திருப்பித் தர வேண்டுமா?

ஆம், எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் எங்களுடையவை. அடியில் சிவப்புச் சாயத்தில் எண் எழுதியிருக்கும், மொத்தம் நாற்பத்திரண்டு. அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் வந்துவிட்டால் நல்லது, ஞாயிறு வேறு ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். கழுவித் தர வேண்டாம், நாங்கள் வெந்நீரில் கழுவிக்கொள்வோம். வெறும் தட்டாகத் தரக் கூடாது என்று சில வீடுகளில் சீனி ஒரு பிடி போட்டு அனுப்புகிறார்கள். ஒரு முதியோர் இல்லத்திலிருந்து 17ஆம் எண் தட்டு ஒவ்வொரு முறையும் தோட்டத்தில் பறித்த கறிவேப்பிலையோடு வருகிறது. அதை அன்றைக்கே ஓமப்பொடியில் பொரித்துப் போட்டுவிடுகிறோம்.